ஜி-க்குக் கொஞ்சம் மேலே

கம்பியைத் தொட முன்னமே அது வந்துவிடும்.
அம்ப்பைப் போட்டதும் ஒரு ம்ம்ம்.

உடைந்த கட்டிலின் பலகையில்
திருகாணி போட்டு இறுக்கிய மூன்று பெடல்கள்:
துள்ளும் சத்தத்தைக் கழுத்தில் பிடித்து அமர்த்தும் கம்ப்ரஸர்,
என் நிழலை எனக்குக் கீழே நடக்கவிடும் ஒக்டேவ்,
பிறகு ஃபஸ்.
கடைசியை மிதித்தால் அந்த ம்ம்ம்
பூனையிலிருந்து எருமையாகும்.

ஃபஸ் அடியைத் தின்னும்.
ரோட்டைக் கிளறிவிட்டுத் தார் ஊற்ற மறந்த மாதிரி
பாட்டு வெறும் கல்லும் புழுதியுமாய் நிற்கும்.
அதற்கென்று ஒரு திருகு உண்டு,
பாதி அழுக்கு பாதி சுத்தம்.
என்னுடையது எப்போதும் பத்து மணியில் நிற்கும்.
மேலே போனால் நிமலன்
ட்ரம்ஸ் குச்சியை நீட்டிச் சொல்வான்,
"பிளசிடா, உன்ர பெட்டிக்குள்ள குளவி."

அலியார் நாநாவிடம் கல்முனைக்குக் கொண்டுபோனேன்.
உப்புப் பூத்த ஜெக்கைச் சுரண்டினார்,
எர்த் வயரை மாற்றினார்,
காதை வைத்துக் கேட்டார்.
"பெடலில பிழையில்ல புள்ள. கரண்ட் பாடுது.
செக்கனுக்கு அம்பது தரம்.
அத நிப்பாட்ட ஒண்ணா."
ஐந்நூறு ரூபாய் மட்டும் எடுத்தார்.

டியூனரில் பிடித்துப் பார்த்தேன்.
ஜி. முள் கொஞ்சம் வலப்பக்கம்.
தடித்த கம்பி, மூன்றாம் ஃபிரெட்.

மறுகா எல்லாம் கேட்கத் தொடங்கியது.
நான் வேலை செய்யும் ஃபார்மசியில்
இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜ்,
ஐஸ் கொம்பனி,
கல்லடிச் சந்தி ட்ரான்ஸ்போமர்,
செத்துக்கொண்டிருக்கும் டியூப் லைட்,
எல்லாம் ஜி, எல்லாம் கொஞ்சம் மேலே.
வாவியில் மீன் பாடும் என்கிறார்கள்.
நான் கேட்டதில்லை.
கேட்டிருந்தாலும் எந்தக் கட்டை என்றுதான் பார்த்திருப்பேன்.

களுவாஞ்சிக்குடியில் ஒரு கலியாணம்.
கிளெமென்ட் எதையும் ஏ-யில்தான் பாடுவான்.
"இண்டைக்கு ஜி-யில பாடு" என்றேன்.
"ஏன்?"
"ஊர் ஜி-யில நிக்குது."
சிரித்தான். ஆனால் தடிமன், தொண்டை கட்டியிருந்தது,
சம்மதித்தான்.
நாலு கம்பியையும் மயிரளவு ஏற்றினேன்.
ரூபவதனனும் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினான்.
அன்றைக்குத்தான் இரைச்சலை யாரும் குறை சொல்லவில்லை.
அது போகவில்லை.
எங்களுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது.

பிள்ளைகள் கூவினார்கள்.
யாரோ சோடாப் போத்தலைத் தட்டி உடைத்தார்கள்.
கையில் கிடந்தது ஒரு பாரமான பலகை,
ட்ப், ட்ப் என்று எனக்கு மட்டும் கேட்கும் பலகை.
நிமலன் நிறுத்தவில்லை. ட்ரம்ஸுக்கு எந்தக் கரண்ட்?
காலடியில் ஃபஸ்ஸின் சிவப்பு லைட் எரிந்தபடியே இருந்தது,
அது பற்றரியில் ஓடும் மலிவுச் சாமான்.
கூப்பிட ஆளில்லாத கடையில்
திறந்தே இருக்கும் கதவு மாதிரி.

பின்பக்கம் பொடியன் ஜெனரேட்டரை இழுத்தான்,
இழுத்தான், பிடித்தது.
பல்புகள் மஞ்சளாய் வந்தன.
ம்ம்ம்-உம் வந்தது.
ஆனால் கீழே.
எண்ணெய் காணாத எஞ்சினுக்கு
ஐம்பது எட்டவில்லை, நாற்பத்தேழோ என்னவோ.
என் விரல் என்னைக் கேட்காமல்
ஒரு ஃபிரெட் கிறுகியது.
கிளெமென்ட் திரும்பிப் பார்த்தான்,
பார்த்துக்கொண்டே இறங்கிவந்தான்.
ரூபவதனன் எட்டு வட்டம்
பிழையான வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு நின்றான்.
மாமிமார் ஆடினார்கள்.

சாப்பாட்டு நேரம் மாப்பிள்ளையின் தகப்பன் வந்தார்.
"நடுவில ஒரு இடத்தில, பிள்ள,
நெஞ்சு ஒரு படி இறங்கின மாதிரி.
அது என்ன பாட்டு?"
"கரண்ட் போன பாட்டு, ஐயா."
தலையாட்டினார், எங்கேயோ கேட்ட பேர் போல.

இரவு மூன்று மணி, வீடு.
பெடல்கள் பையில்.
குசினியில் ஃபிரிட்ஜ் விழித்துக்கொள்கிறது.
ஜி.
போர்வைக்குள் என் வலது கால்
இல்லாத ஒன்றை மிதிக்கிறது,
இன்னொரு தரம் மிதிக்கிறது.
அணையவில்லை.

நாளைக்குப் பற்றரி வாங்க வேண்டும்.