ஒன்றரை மீட்டர்

சட்பரியில் எனக்குக் கல் வாசிக்கும் வேலை.
தகரக் கொட்டகை, நீள மேசை, தலைக்கு மேல் குழல்விளக்கு.
துளையிட்டு எடுத்த கல் உருளைகள்
கரும்புத் துண்டுகள்போல் பெட்டி பெட்டியாய் வரும்.
தண்ணீர் தெளித்தால் நிறம் வாய் திறக்கும்.
சாம்பல். பச்சை. பிறகு, அதிர்ஷ்டமிருந்தால்,
நிக்கல் ஒளிந்திருக்கும் வெண்கல மினுக்கம்.

நூற்றெண்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்
வானத்திலிருந்து ஒரு மலை விழுந்த ஊர் இது.
கம்பனிக் கையேட்டில் அதற்கு இரண்டு பக்கம்.
அன்று பாறைகள் குதிரைவாலாய்ச் சிலிர்த்தன.
இன்னும் படியவில்லை.
யார் எறிந்தது என்று கையேடு கேட்பதில்லை.

செப்டம்பரில் லோர்னிடம் கேட்டேன்,
"உங்கட ஆக்கள் என்ன சொல்லுவினம்?"
மனிட்டூலின் தீவுக்காரன். பெட்டி தூக்குகிறவன்.
"பனி விழட்டும்.
அதுக்கு முன்னம் சொல்லக் கூடாது."
இரண்டு மாதம் ஹொக்கி மட்டும் பேசினோம்.

நவம்பர். முதல் பனி.
கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு
வீட்டு விஷயம்போலத் தொடங்கினான்:
எங்கும் தண்ணீர்.
மூழ்கத் தெரிந்த பெரிய உயிர்களெல்லாம்
வெறுங்கையோடு மேலே வந்தன.
கடைசியாய் ஒரு நீரெலி. எல்லாரும் சிரித்தார்கள்.
அது போனது. நெடுநேரம் கழித்துச்
செத்து மிதந்தது.
மூடிய கைக்குள்
நகக்கண் அளவு மண்.
அதை ஆமை முதுகில் வைத்தார்கள்.
அதன் மேல்தான் இந்தக் கொட்டகை.

"எங்களிட்ட ஒரு பன்றி" என்றேன்.
"கடலுக்கடியில போய்க் கொம்பில தூக்கிக்கொண்டு வந்தது."
"செத்துப்போச்சுதா?"
"இல்லை. அது கடவுள்."
லோர்ன் யோசித்தான்.
"அப்ப லேசான வேலைதான்."

நான் உண்டானதுக்கும் கதை இருக்கிறது. ஒன்றல்ல.
அம்மாவுக்கு: மடுவுக்குப் போகும் வழியில்,
டிராக்டர் பெட்டியில்.
சின்னம்மாவுக்கு: பங்கருக்குள், லாம்பை அணைத்த இருட்டில்,
அழாதபடி என் வாயைப் பொத்தி.
மாமா குடித்திருந்தால் படகு.
குடிக்காத நாளில் அம்மாவைப் பார்த்துவிட்டுப்
பேச்சை மாற்றிவிடுவார்.
குடிவரவு அதிகாரி களைத்திருந்தார்.
ஜனவரி ஒன்று என்று எழுதினார்.
அந்த வருடம் வந்தவர்களில் எத்தனையோ பேர்
ஒரே நாளில் பிறந்தோம்.
புத்தாண்டு இரவில் ஊரே எனக்காக வெடி கொளுத்தும்.
அம்மா எழும்பிப் போய்
ஜன்னல்களைச் சாத்துவா.

நேற்று நானூற்றுப் பன்னிரண்டாம் மீட்டரில் கல் இல்லை.
நொறுங்கிய நிலத்தில் சில வேளை
குழாய் வெறுமையை எடுத்து வரும்.
துளை போடுகிறவர்கள் அதை மறைப்பதில்லை.
அந்த இடத்தில் ஒரு மரக்கட்டை வைத்துப்
பென்சிலால் எழுதுவார்கள்:
இழப்பு, ஒன்றரை மீட்டர்.
கட்டை இல்லாவிட்டால்
மேலே இருந்ததும் கீழே இருந்ததும் நகர்ந்து ஒட்டிக்கொள்ளும்.
பிறகு எந்த ஆழமும் உண்மையில்லை.

கட்டையைக் கையில் எடுத்தேன்.
மலிவான பைன். ஓரம் சிலாம்பு.
இரவுவேலைக்காரன் எவனோ
குளிரில் விறைத்த விரலால் எழுதிய எண்.
கல்லைப்போல் நடிக்கவில்லை அது.
மோந்து பார்த்தேன். மரம்தான்.

வேலை முடிந்து, காரின் கண்ணாடியில் பனி உருகும்வரை
அம்மாவோடு கதைத்தேன்.
இவ்வளவு காலத்தில் முதல்முறை கேட்டேன்:
"அந்த டிராக்டர் என்ன நிறம்?"

சத்தமில்லை.
தொலைபேசி அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.
பிறகு, எங்கோ ஆழத்திலிருந்து,
மூச்சு வாங்குவது கேட்டது.

"சிவப்பு" என்றா.
கொஞ்சம் பொறுத்து,
"இல்லைப் பிள்ளை. மழை பெய்தது.
நிறம் தெரியேல்லை."