ஆறாவது ஸ்டட்

கெம்சியில் கடல் நாளுக்கு இரண்டு தடவை
ஊரை விட்டுப் போய்த் திரும்பும்.
அது போயிருந்த நேரம்.
நோல்பெர்த்தோவின் சிப்பிப் படகு
சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது,
உள்ளே எஞ்சினும் நானும்
அதே சாய்வில்.

புகைக்குழாயைப் பிடித்திருந்த ஆறில்
ஐந்து ஸ்டட் வந்துவிட்டன.
ஆறாவது வருவதுபோல் வந்தது.
ஸ்பானரின் பிடியில் திடீரென்று ஒரு மென்மை.
கைக்குத் தெரியும்
மரை இளகுவது எப்படி இருக்கும் என்று.
இது அப்படி இல்லை.

டக்.

தலைப்பாதி என் உள்ளங்கையில்.
மீதி, சிலிண்டர் ஹெட்டோடு சமமாக,
கிள்ளக்கூட நுனி விடாமல்.

மேலிருந்து எட்டிப் பார்த்தவன் சொன்னான்:
"என் தப்புதான், எதுவினா.
புகை கசிஞ்சப்பவே கூப்பிட்டிருக்கணும்."
ஆறு மணி நேரத்தில் தண்ணீர் வந்துவிடும்.
தலைப்பாதியைப் பையில் போட்டுக்கொண்டு
எண்ணெய் விட்டேன், காத்திருந்தேன், தட்டினேன்,
நடுவில் துளையிட்டு
இடப்பக்கம் சுழலும் எடுப்பானை இறக்கினேன்.
அதுவும் உள்ளேயே ஒடிந்தது.
முள்ளை முள்ளால் எடுக்கப் போனவளுக்கு
இப்போது இரண்டு முள்,
இரண்டாவதை எந்த டிரில்லும் தொடாது.

கரையிலிருந்து சேற்றின் மேல் கேபிள் இழுத்து
ஒடிந்த முகத்தில் ஒரு நட்டை வைத்து
அதன் ஓட்டைக்குள் வெல்டிங்.
முதல் நட்டு பிய்ந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவது செக்கச் சிவந்து கறுக்கும்போது
"மெழுகு இருக்கா?" என்றேன்.
படகுப் பெட்டியைக் கிளறி
மகளின் பிறந்தநாள் மெழுகு ஒன்றைத் தந்தான்,
நீல நிறத்தில், ஏழு வடிவத்தில்,
திரி கொஞ்சம் கருகியிருந்தது.
சூட்டில் வைத்ததும் ஏழின் கால் கரைந்து
மரைக்குள் ஓடி மறைந்தது.

அவிழ்க்க நினைப்பவள் முதலில்
ஒரு மயிரிழை இறுக்க வேண்டும்.
இறுக்கினேன். விட்டேன். இறுக்கினேன்.
கீச்சென்றது.
பிறகு கீச்சிட்டுக்கொண்டே முழுசாக வந்தது,
பல் பிடுங்கிய குழந்தைபோல் நோல்பெர்த்தோ
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அவன் காபி போடப் போனபோது
பையிலிருந்த தலைப்பாதியை
விளக்கடியில் பிடித்தேன்.
ஒடிந்த முகத்தில் முக்கால்வாசி கறுப்பு, பழைய துரு.
ஓரத்தில் பிறை அளவு மட்டும் பளபளப்பு.
இன்று ஒடிந்தது அந்தப் பிறைதான்.
மற்றது போன குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம்,
மழையில், அளவு ஸ்பானரைப் பட்டறையில் மறந்துவிட்டு,
"கைக்கணக்கே போதும்" என்று
இன்னொரு கால் சுற்று சுற்றியவளின் வேலை.
அந்தக் கை எனக்குத் தெரிந்த கை.

பில்லில் ஐந்து ஸ்டட் என்று எழுதினேன்.
"ஆறு இல்லையா?"
"அஞ்சுதான்."
அவன் அதைத் தாராளம் என்று எடுத்துக்கொண்டான்,
ஒரு வாளி சிப்பியும் கொடுத்தான்.
வாங்கிக்கொண்டேன்.

அடியில் தண்ணீர் நக்கத் தொடங்கியது.
படகு முனகி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.
புது ஸ்டட்டில் கடைசி நட்டு.
இன்றைக்கு அளவு ஸ்பானர் கூடவே இருந்தது,
க்ளிக் என்று சொல்லி நிறுத்தியது.
கை இன்னொரு கால் சுற்று கேட்டது.