ஒரு புள்ளி வலப்பக்கம்

பம்பலப்பிட்டியில் வாங்கிய போட்,
தீப்பெட்டியிலும் சின்னது.
கொம்பியூட்டர் அதை மவுஸ் என்றே நம்பிற்று.
பத்துச் செக்கனுக்கு ஒருக்கால்
அம்புக்குறியை ஒரு புள்ளி வலப்பக்கம் தள்ளு
என்று எழுதிக்கொடுத்துவிட்டு
வெள்ளவத்தைத் தண்டவாளம் கடந்து
கடலுக்குப் போனேன்.

திரையில் நான்
பச்சைப் பொட்டாய் வேலை செய்துகொண்டிருக்க,
இங்கே பாறையில்
செருப்பெல்லாம் மணல், கையில் காரக்கடலை.
ருஷ்தா மேடத்தின் மெசேஜ்:
"மத்தியானத்துக்குப் பிறகு எழும்பவே இல்லையே நீங்க,
சாப்பிட்டீங்களா?"

கடலை தொண்டையில் நின்றது.

வந்து பார்த்தால்
அம்புக்குறி வலது ஓரத்தில்
சுவரைப் பார்த்து நிற்கிறது.
திரும்பி வரச் சொல்லி
நான் எழுதவேயில்லை.

மருதானை ரயில் போனது.
மேசை அதிர,
யாரும் தொடாத பழைய மவுஸ்
அதை நூலளவு
உள்ளே இழுத்தது.