முரசு

ஏழு, என்றாள் டீகன்.
கணினியின் முன்னால் இருந்த பெடியன் தட்டிக்கொண்டான்.
கீழ்த்தாடை, இடப்பக்கம், கடைசிக்கு முந்தின பல்.
மூன்று, இரண்டு, மூன்று என்று
சின்ன வகுப்பு வாய்ப்பாடுபோல் வந்துகொண்டிருந்த எண்கள்
அங்கே வந்து இடறின.
ஐந்து. ஆறு. ஏழு. இரத்தம்.

மில்லிமீட்டர்தான்.
ஒரு நெல்மணி நிமிர்ந்து நிற்குமளவு குழி.

நான் இப்ஸ்விச்சில் கறையான் பார்க்கிறவன்,
பதினெட்டு வருடமாக.
இந்த ஊரின் பழைய வீடுகள் மரக்கால்களில் நிற்பவை.
அடியில் ஊர்ந்து, தலைவிளக்கைப் போட்டு,
திருப்புளிப் பிடியால் ஒவ்வொரு காலாகத் தட்டுவேன்.
நல்ல மரம் டொக்கென்று பதில் சொல்லும்.
தின்னப்பட்ட மரம்
பெயின்ட் உரியாமல், நிறம் மாறாமல்,
கேட்ட கேள்வியை விழுங்கிவிட்டு நிற்கும்.

சத்தமே கேட்கவில்லையே என்பார்கள் வீட்டுக்காரர்கள்.
கறையான் கதவைத் தட்டி வராது என்பேன்.
நானூறு வீட்டிலாவது சொல்லியிருப்பேன்.

வலிக்கவே இல்லையே, என்றேன் டீகனிடம்,
வாயில் உறிஞ்சுகுழாயோடு.
சிரித்தாளா, தெரியவில்லை. முகக்கவசம்.

எங்கள் பக்கத்தில் ஈறுக்கு முரசு என்று பேர்.
முரசு கரையுது என்பார்கள்.
எந்தப் போரையும் அறிவிக்காமல்
தன் தோலைத் தானே கீழிறக்கிக்கொள்கிற முரசு.
செல்லாக் காசுக்கு இலக்கணக் குறிப்பு எழுதிய வயதில்
ஈறு கெட்டது, ஈறு கெட்டது என்று
பரீட்சைக்குப் பாடமாக்கினேன்.
பொருள் இப்போதுதான் வாய்க்குள் வந்திருக்கிறது.

ஒப்புக்கொள்கிறேன்.
மூன்று வருடமாகக் கழுவுதொட்டியில் இளஞ்சிவப்பு.
குழாயைத் திறந்துவிட்டுத் துப்பினேன், நான் பார்க்கும் முன்பே போய்விடட்டும் என்று.
இரத்தம் வந்த இடத்தில் பிரஷ்ஷை மெதுவாக்கினேன்,
பிறகு தொடாமலே விட்டேன்.
கடன் கொடுத்தவன் வீட்டைச் சுற்றிப் போவதுபோல்
அந்தப் பல்லைச் சுற்றிப் போனேன்.
ஒருநாள் இரவு தவமலர்
தலையணையை மற்றப் பக்கம் போட்டுப் படுத்தாள்.
ஏசிக் காற்று முகத்தில் படுகிறது என்றாள்.
ஏசி அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

பூவலில் நோயலீன் என்றொரு கிழவி
மண்குழாய் ஏறிய தூணின்மேல்
மல்லிகைக் கொடியைப் படரவிட்டிருந்தாள்.
அவளை மனசுக்குள் எவ்வளவு ஏசினேன்.

எக்ஸ்ரே திரைக்கு வந்தது.
வறட்சி வருடத்து விவன்ஹோ அணைபோல
எலும்பு பழைய கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது,
வேர்கள் கரையில் கிடந்தன.
போனது வருமா?
போன எலும்பு பெரும்பாலும் வராது, என்றாள்,
இருப்பதைக் காப்பாற்றலாம்.
என் வாக்கியம்.
என் அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில்
அச்சடித்தே வைத்திருக்கிறேன்.

ஊசி. பாதி முகம் என்னுடையதில்லை.
முரசுக்குக் கீழே, வேரில் கல்லாகிப்போனதை
அதிரும் கருவி உடைத்தது, பிறகு கொக்கி சுரண்டியது.
வலியில்லை, சத்தம்தான்.
காற்றில் வராமல் எலும்பு வழியே காதுக்கு வந்த சத்தம்:
அடியில் ஊர்ந்து வந்து என்னை யாரோ தட்டிப் பார்க்கிறார்கள்.
இன்று இடப்பக்கம், வியாழன் வலப்பக்கம்.
சீனி இருக்கிறதா என்று இரத்தம் சோதிக்கச் சொன்னாள்.
சிகரெட்டையும் கேட்டாள்.
புகை இரத்தக் கசிவைக்கூட ஒளித்து வைக்குமாம்.
அப்படியும் இவ்வளவு கசிந்திருக்கிறது.

கார் தரிப்பிடத்தில் தவமலரின் அழைப்பு.
பயப்பட ஒன்றும் இல்லையே?
பயமில்லை என்று சொல்லப் போனேன்.
உதடு மூடவில்லை; பகரமும் வரவில்லை, மகரமும் வரவில்லை.
மிஞ்சியது 'இல்லை' மட்டும்.
என்ன இல்லை, என்ன இல்லை என்று
அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மூன்று மாதத்தில் திரும்பிவா என்று அட்டை தந்திருக்கிறார்கள்.
நானும் அவ்வளவுதான் இடைவெளி கொடுப்பேன்,
பொறி வைத்த வீடுகளுக்கு.

இரவு, ஊசிபோல் மெலிந்த பிரஷ்ஷை
அந்தப் பல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவில் விட்டேன்.
இரத்தம் வருகிற இடம்தான் நீ போகவேண்டிய இடம் என்றிருந்தாள்.
வந்தது.
துப்பினேன்.
குழாயைத் திறக்காமல்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.