கூடம் கோணல்தான்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
சரி, என்னையும் அப்படியே சொல்லிக்கொள்ளுங்கள்.
ஆனால் கரகண்டாவின் அந்தப் பழைய சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில்
என் மேசை நிஜமாகவே கோணல்.
கையை எடுத்தால் மவுஸ் தானாக இடப்பக்கம் நழுவியது.
போட்டி விதிமுறைகள் அச்சடித்த தாளை நாலாக மடித்து
மேசைக்காலுக்கு அடியில் கொடுத்தேன்.
அன்று முழுக்க அந்த விதிகள்
பயன்பட்டது அதற்கு மட்டும்தான்.

காலை பத்துக்கு முதல் ஆட்டம் என்றார்கள்.
தெமிர்தாவிலிருந்து ஆறரைப் பேருந்து,
வெளியே மைனஸ் இருபத்தேழு.
ரொடியோன் தன் கீபோர்டைக் கோட்டுக்குள் வைத்துக்
கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தான்.
பத்துக்கு அரங்கத்தின் சாவியே வரவில்லை.
பதினொன்றுக்குச் சாவி வந்தது, கைசார் வரவில்லை.
கைசார்தான் எல்லாம்: அமைப்பாளன், வர்ணனையாளன்,
எங்கள் நுழைவுக் கட்டணம் போய்ச் சேர்ந்த சட்டைப்பை.
ஒன்றரைக்கு வந்தான். மைக்கைத் தட்டினான்.
"சின்னத் தாமதம்."

அட்டவணை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம்.
பதினொரு அணிகள்.
பதினொன்றை இரண்டாக வகுக்க
வளர்ந்த ஆட்கள் மூன்று பேருக்கு நாற்பது நிமிடம் பிடித்தது.
மிச்சம் நின்ற அணி நேராக அரையிறுதிக்குப் போனது.
கைசாரின் மைத்துனன் அணி.
மேடைக்கு எதிரே ஒருவரும் வாய் திறக்கவில்லை,
தாழ்வாரத்தில், சிகரெட் புகைக்குள்,
மூடவே இல்லை.

இரவு ஒன்பதே காலுக்கு எங்களை அழைத்தான்.
ஆலைப்புகையில் எங்கள் ஊர்ப் பனி கறுத்து விழும்,
அதனால் கரும்பனி என்று பெயர் வைத்திருந்தோம்.
அவன் வெண்பனி என்று வாசித்தான்.
போகட்டும்.

அதற்குப் பின் வந்த முப்பத்தோரு நிமிடங்களை மட்டும்
யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.
பிங் இருநூறுக்கு மேல். நான் அழுத்தியது
ஒரு மூச்சு கழித்தே திரையில் நடந்தது.
ஆகவே எதிரி நிற்கும் இடத்தை விட்டுவிட்டு
நிற்கப்போகும் இடத்தில் அடித்தோம்.
அல்தினாய் "இப்போது" என்றாள்.
ஐந்து பேருக்கும் அது
ஒரே இப்போதாக இருந்தது.
கோட்டைச் சுவர் சரிந்தது. கடைசிக் கோபுரத்தில்
உயிர் ஒரு நூலளவு.

சிற்றுண்டி மேசையில் யாரோ
தேநீர்க் கெட்டிலைச் செருகினார்கள்.

இருட்டு.
கெட்டில் மட்டும் கொஞ்ச நேரம் முனகி அடங்கியது.

நடுவர் தார்கானுக்குப் பத்தொன்பது வயது.
போன வாரம்தான் இந்த ஆட்டத்தைப் பதிவிறக்கினானாம்.
"பதிவு இல்லை. அதனால் ஆட்டமும் இல்லை."
எதிரணித் தலைவன் சயாத் என் பக்கம் குனிந்து
"பத்து நொடி போயிருந்தால் நாங்கள் காலி" என்றான்,
எனக்கு மட்டும் கேட்கும்படி.
நடுவர் கேட்டபோது
ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

பூவா தலையா என்று முடிவாயிற்று.
நூறு தெங்கே நாணயம். நான் எண் கேட்டேன்.
அது தார்கானின் விரலில் பட்டுத் தெறித்து
மேடைப் பலகை இடுக்கில் நுழைந்து கீழே போயிற்று.
இரண்டு அணியும், பத்து பேரும்,
மேடைக்கடியில் முழங்காலிட்டுப் போன் வெளிச்சத்தில் தேடினோம்.
எந்தப் புத்தாண்டு விழாவினதோ ஜிகினா,
ஒற்றைக் கையுறை, எலிப்புழுக்கை.
சயாத் தன் வெளிச்சத்தை என் பக்கம் சாய்த்தான்.
நான்தான் கண்டேன்.
எண் மேலே தெரிய, பளிச்சென்று.

"மேடையிலிருந்து விழுந்தது செல்லாது"
என்றான் தார்கான். வேறொன்றை எடுத்துச் சுண்டினான்.
சின்னம்.

கடைசிப் பேருந்தும் போய்விட்டிருந்தது.
ஆளுக்கு மூவாயிரம் கட்டியதில்
அணிக்குத் திரும்பி வந்தது அந்த நூறு.
யாரும் கேட்கவில்லை. என் கோட்டில்தான் கிடக்கிறது.

மார்ச்சில் அடுத்த போட்டி என்று கைசார் செய்தி அனுப்பியிருக்கிறான்.
பதிலுக்கு நான்கு வரி எழுதினேன், நல்ல வரிகள்,
அழித்துவிட்டு ஐந்து பெயர்களை அனுப்பினேன்.
ரொடியோன் ஒரு மரத்துண்டை அறுத்து வைத்திருக்கிறான்,
மேசைக்காலுக்கு.