எடைமேடைக் கிராணியின் விளக்கம்

மலாயில் எழுதிக் கொடுத்தது நாலு வரிதான்.
காக் ரோஸ்னா பிழை திருத்தித் தந்தாள்.
இது கொடுக்காத கடிதம்.

ஐயா,
பாகாவ் ஆலையில் ஒன்பது வருடமாக
லாரிகளை நிறுக்கிறேன்.
குலையோடு உள்ளே வரும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டு வெறும் வண்டியாய்ப் போகும்போது ஓர் எடை.
கழித்தால் மிச்சம் செம்பனை.
எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய எச்சரிக்கையில் பதினோரு தேதிகள்.
பதினொன்றிலும் எண்களை மாற்றித் தட்டியிருக்கிறேன்.
முத்துராக்குவின் இருபத்தொரு டன்னைப் பன்னிரண்டாக்கியதும்
ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டான்:
"ஏன்க்கா, மிச்ச ஒன்பது டன்னை வழியில நான் தின்னுட்டனா?"
சிரித்தேன். சிரித்ததும்
வலது விலாவுக்குள் யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள்.

அடிவயிறு என்றால் சொல்லத் தெரியும்.
பொம்பளைன்னா அப்படித்தான் என்று
பதில் சொல்லவும் ஊருக்குத் தெரியும்.
தோளுக்கு என்ன பேர் சொல்ல?
தோளில் தொடங்கிக் கழுத்துக்கு ஏறும்.
மூச்சை இழுத்தால் பாதியில் நிற்கும்.
படுத்தால் அதிகம்,
நாற்காலியில் உட்கார்ந்தே எத்தனையோ ராத்திரி விடிந்தது.

சீன வைத்தியர் கையை முறுக்கினார், முப்பத்தைந்து வெள்ளி.
கிளினிக்கில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள்,
டப்பாவில் சளி துப்பச் சொன்னார்கள்.
காசநோய் இல்லை.
கம்ப்யூட்டர் மவுஸ் பிடிக்கிற கை, அதான் என்றார் என் வீட்டுக்காரர்.
மவுஸ் இடது கைக்கு மாறியது.
வலி மாறவில்லை.
எம்.சி. எல்லாம் ஆகஸ்டிலேயே தீர்ந்துவிட்டது.

நாட்காட்டியில் வலித்த நாளை வட்டம் போட்டு வைத்தேன்.
கொழுந்தன் தயாளன் இரண்டு வட்டங்களைச் சேர்த்து
நாலு நம்பர் எடுத்தான்.
ஆறுதல் பரிசு விழுந்தது. கோழி வாங்கி வந்தான்.
இந்த வலியால்
யாருக்காவது கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான்.

பிறகு உங்கள் கடிதம்.
வேலை போய்விடும், ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று
சிரம்பான் ஆஸ்பத்திரியில் அதைத்தான் நீட்டினேன்.
டாக்டர் ஹஸ்லினா, என்னைவிடப் பத்து வயது சின்னவள்,
தேதிகளின் மேல் பேனாவை ஓட்டினாள்.
இருபத்தேழு. இருபத்தெட்டு. இருபத்தெட்டு. இருபத்தாறு.
தலை நிமிர்ந்து,
"மாதவிலக்கு எப்போது வரும்?"

தோளைக் காட்டிய இடத்திலெல்லாம்
ஒருவரும் கேட்காத கேள்வி.

எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம் என்றாள்.
கருப்பைக்குள் இருக்கவேண்டிய தோலைப் போல ஒன்று
வெளியே முளைத்து,
ஈரலுக்கு மேலே, மூச்சை ஏற்றி இறக்கும் உதரவிதானத்தில் ஒட்டி,
மாதாமாதம் தன் பங்குக்குக் கசிகிறதாம்.
அங்கே காயம், இங்கே தோள் அழும்; நரம்பு போகும் வழி அப்படி.
துளையிட்டு உள்ளே பார்த்தால்தான் உறுதி.
தேதி நாலு மாதம் கழித்து.

புக்கிட் புத்துஸ் வளைவுகளில் பஸ் சாய்ந்து சாய்ந்து இறங்க,
அழுகை வரும் என்று கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன்.
வரவில்லை.
உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன், ஐயா.
என் உடம்பை இத்தனை ஒழுங்காக
வேறு யாரும் எழுதி வைத்ததில்லை.

நேற்று என் நாலு வரியை வாசித்தீர்கள்.
மூன்றாவது வரியில் 'ரஹிம்' என்ற சொல்
வந்த இடத்தில் கண்ணை எடுத்தீர்கள்.
மடித்தீர்கள். பெறப்பட்டது என்று முத்திரை குத்திவிட்டு
ஜன்னல் வழியே ஆலையின் புகையைப் பார்த்தீர்கள்.

அடுத்தது இன்னும் ஆறு நாளில்.

இதோ, முத்துராக்கு மேடை ஏறுகிறான்.
முப்பத்து மூவாயிரத்து நானூற்று இருபது கிலோ.
இரண்டு தடவை பார்த்துத் தட்டுகிறேன்.
கழிக்கவேண்டிய வெறும் வண்டியின் எடை
இன்னும் தெரியாது.