செக்கனுக்குப் பன்னிரண்டு

யாழ்ப்பாண ஆஸ்பத்திரி எக்ஸ்ரே இருட்டறையில்
எனக்கு வேலை. தொண்ணூற்று மூன்று.
கிணற்றுக்குப் போடவென்று தந்த குளோரின் தூளில்
பழைய படங்களை ஊறவைத்தால்
விலா எலும்புகள் முதலில் போகும்,
பிறகு நெஞ்சு.
கடைசியில் கையில் மிஞ்சும்
லேசான நீலத்தில் ஒரு கண்ணாடித் தாள்.

அதற்காகத்தான் வந்தார் எமிலியானுஸ்.
குருநகர்க்காரர், தியேட்டர் பனர் எழுதினவர்,
தியேட்டர்கள் பூட்டின பிறகு
படகுகளுக்குப் பெயர் எழுதினவர்.
கார்ட்டூன் செய்யப் போகிறேன் என்றார்.
கரண்ட் இல்லை, கமரா இல்லை, பிலிம் இல்லை என்றேன்.
சைக்கிள் இருக்குதே என்றார்.

அவரிடம் ஒரு புத்தகம், நூலகத்தில் இரவல் எடுத்தது.
திருப்ப வேண்டிய திகதி 1981 யூன் 4.
நூலகம் அதற்கு முந்தியே எரிந்துபோனது.
நாளுக்கு ஐந்து சதப்படி
தண்டம் எவ்வளவு வந்திருக்குமென்று
இடைக்கிடை கணக்குப் பார்ப்பார்.
அப்போதே இருநூற்றுச் சொச்சம் ரூபா.

அந்தப் புத்தகம் சொன்னது:
முதல் ஆட்கள் காகிதத்தில் கீறினார்கள்,
ஒவ்வொரு படத்துக்கும்
மரத்தையும் வீட்டையும் திரும்பத் திரும்ப.
பேந்து ஒருவனுக்குத் தோன்றியது,
மரம் நிற்கட்டும், நடப்பவன் மட்டும் நடக்கட்டும் என்று.
அப்படி வந்தது கண்ணாடித் தாள்.
பெரிய கூடங்களில் வரிசையாகப் பெண்கள்
மூச்சைப் பிடித்தபடி மை இழுத்தார்கள்.
படம் முடிந்ததும் தாளைக் கழுவி
அடுத்த படத்துக்குக் கொடுத்தார்கள்.
கழுவினவளின் பெயர் எழுத்தோட்டத்தில் இல்லை.
இதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.
என் விரல் நுனிகள் வெளிறியிருந்தன.

எங்கள் நாயகன் ஒரு மரநாய்.
பனை ஏறி, முட்டிக் கள்ளைக் குடித்து,
வட்டுக்கு வெளியே காற்றில் நடந்து
கீழே பார்க்கும்வரை விழாத மரநாய்.
(அது கார்ட்டூன்காரரின் புவியீர்ப்பு.)
விழுகிற இடம் பனையின் அடி.
பன்னிரண்டாம் தாள் முதலாவதோடு ஒட்டிக்கொள்ளும்,
மறுபடி ஏறவேண்டியதுதான்.

கைக்கு நாலு விரல்.
எல்லாரும் அப்படித்தான் செய்தவை என்றார்,
ஒரு விரலை விட்டால் ஆயிரம் கீறல் மிச்சம்.

ஏழாம் தாளுக்கு நான் எடுத்துக் கொடுத்தது
யாரோ ஒருவரின் கை.
கழுவமுன் வெளிச்சத்தில் பிடித்தார்.
அதிலும் நாலுதான்.
ஒன்றும் பேசவில்லை.
ஏழாம் தாளில் மட்டும் மரநாய்க்கு
ஐந்து விரல் கீறினார்.

பாஷையூரில் ஒரு சலூனின் பின்பக்கம்.
சைக்கிள் கவிழ்ந்து நின்றது.
சில்லுக் கம்பிகளில் தாள்கள், இடையிடையே
வெட்டுப் போட்ட கறுப்பு மட்டை.
வெட்டுக்குள்ளால் எதிர்க் கண்ணாடியைப் பார்க்கவேண்டும்.
ஒருவர் பார்க்க, வரிசையில் அடுத்தவர் பெடல் சுற்றுவார்.
சில்லும் ஓடும், டைனமோ லைற்றும் எரியும்.
செக்கனுக்கு ஒரு சுற்று, பன்னிரண்டு படம்.
பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
ஷெல் சத்தத்துக்குச் சுற்றுகிறவன் கையை விட்டால்
மரநாயும் நிற்கும், வெளிச்சமும் போகும்.
அந்த ஐந்தாவது விரலை
ஒருவரும் கண்டதில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசி. மழை. நாவற்குழிப் பாலம்.
அதே சைக்கிள். அதன்மேல் அரிசி மூட்டை, தையல் மெசின்.
சில்லில் இருந்த தாள்களை அவிழ்க்க
நேரமிருக்கவில்லை.
சனம் நகர்ந்த வேகத்தில்
செக்கனுக்கு ஒரு படம்கூடப் போகவில்லை.
மரநாய் ஏறவில்லை, நடக்கவில்லை, விழவுமில்லை.
நனைந்த பன்னிரண்டு தாள்.
கைதடிக்குக் கிட்ட ஒன்று கழன்று சேற்றில் விழுந்தது.
எடுத்தேன். நிமிர்வதற்குள்
எமிலியானுசுக்கும் எனக்கும் நடுவில்
நூறு பேர்.

இப்போது எங்கள் பிரிவில் எல்லாம் கணினி,
கழுவ ஒன்றுமில்லை.
ஏழாம் தாள் என்னிடம் இருக்கிறது.
மூலையில் குளோரினுக்கும் போகாத
நோயாளி இலக்கம் 4417. கீறினவர் பெயர் இல்லை.

நூலகத்தைத் திரும்பக் கட்டின பிறகு
புத்தகத்தைக் கொண்டுபோனாரா,
தண்டத்தைக் கட்டினாரா என்று
ஒருநாள் கவுண்டரில் கேட்டேன்.
எந்தப் பெயரில், என்றாள் அந்தப் பிள்ளை.